லிஃப்ட் செய்த பிக்கப்: அப்பர் ஆர்ம் முதல் அலைன்மென்ட் தாள் வரை

பிக்கப்பை இரண்டு அங்குலம் தூக்க அரை நாள் போதும். அதன்பிறகு நடப்பதுதான் தொல்லை. பைபாஸில் எண்பதைத் தொட்டதும் வண்டி தானாக லேன் மாறப் பார்க்கும். ஏலகிரி வளைவில் திருப்பிய ஸ்டியரிங் கையை விட்டாலும் நேருக்கு வராது. ஆறு மாதத்தில் முன் டயரின் ஒரு ஓரம் மட்டும் மொட்டையாகும். ஸ்பிரிங் மட்டமான சரக்கு என்று பழி போடுவார்கள். பெரும்பாலும் ஸ்பிரிங் மேல் குற்றமில்லை. உயரத்தை மாற்றியவர்கள் சக்கரக் கோணத்தை, அதாவது அலைன்மென்டை, அப்படியே விட்டிருப்பார்கள்.

இசுசு வி-கிராஸ், டொயோட்டா ஹைலக்ஸ் போல, முன்னால் சக்கரத்தை சேசிஸோடு இணைக்கும் அப்பர் ஆர்ம் (மேல் கை), லோயர் ஆர்ம் (கீழ்க் கை) இரண்டும் இருந்து நடுவில் காயில் ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒன்றாக நிற்கும் வண்டிகளுக்கான குறிப்பு இது. முன்னாலும் பட்டை ஸ்பிரிங் வைத்த லோடு வண்டிகளுக்குப் பொருந்தாது.

முதலில் சட்டம், சுருக்கமாக. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவுப்படி, தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. மீறினால் மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று 182ஏ பிரிவு சொல்கிறது. ஆகவே பாகம் வாங்குவதற்கு முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் இன்சூரன்ஸ் கம்பெனியிலும் எழுத்தில் கேட்டு வையுங்கள். விபத்து நடந்தபின் கிளெய்ம் நிற்கும் இடம் இதுதான். ஏற்கெனவே லிஃப்ட் செய்த செகண்ட் ஹேண்ட் வண்டி வாங்கியவர்களுக்கும், தேய்ந்த ஒரிஜினல் பாகத்தை மாற்றுகிறவர்களுக்கும் கீழே உள்ள வேலைமுறை அதேதான்.

தூக்கினால் உள்ளே என்ன மாறுகிறது

சைக்கிளின் முன் ஃபோர்க் நேர்க்குத்தாக இருக்காது, பின்பக்கம் சாய்ந்திருக்கும். கையை விட்டு ஓட்டினாலும் நேராகப் போவதற்கு அந்தச் சாய்வு பெரிய காரணம். வண்டியிலும் ஆர்மின் நுனியில் சக்கரப் பக்கத்தைப் பிடிக்கும் உருண்டை மூட்டுகளில், அப்பர் பால் ஜாயின்ட், லோயர் பால் ஜாயின்ட்டை விடக் கொஞ்சம் பின்னால் இருக்கும். இந்தச் சாய்வுதான் காஸ்டர். வண்டியைத் தூக்கினால் ஆர்ம்கள் கீழ்நோக்கிச் சரிந்து காஸ்டர் குறையும். திருப்பிய ஸ்டியரிங் திரும்பி வராதது, நெடுஞ்சாலையில் வண்டி அலைவது, இரண்டுக்கும் மூலம் இதுதான்.

முன்னால் நின்று பார்க்கும்போது சக்கரம் உள்ளேயோ வெளியேயோ சாய்ந்திருப்பது கேம்பர்; மேல்முனை வெளியே சாய்ந்தால் பாசிட்டிவ், உள்ளே சாய்ந்தால் நெகட்டிவ். லிஃப்டுக்குப் பிறகு அது எந்தப் பக்கம் போகும் என்பது ஆர்ம் நீளத்தைப் பொறுத்தது. ஊகிக்காமல் மெஷினில் அளப்பதே சரி. மேலிருந்து பார்த்தால் இரண்டு சக்கரத்தின் முன்முனைகள் ஒன்றையொன்று நோக்கியோ விலகியோ நிற்பது டோ. ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடின் சரிவு மாறுவதால் டோ கட்டாயம் மாறும். மூன்றிலும் டயரை வேகமாகத் தின்பது டோதான். ஓட்டுகிறவரைத் தொல்லைப்படுத்துவது காஸ்டர்.

எவ்வளவு உயரம்? 40 முதல் 50 மி.மீ. போதும். அதற்கு மேல் போனால், முன் சக்கரத்தைச் சுழற்றும் டிரைவ் ஷாஃப்ட்டின் ஜாயின்ட் எப்போதும் சாய்ந்த கோணத்திலேயே சுற்றும். அதை மூடியிருக்கும் ரப்பர் உறையின் (பூட்) மடிப்புகள் ஒன்றோடொன்று உரசிக் கிழியும், கிரீஸ் வெளியே தெறிக்கும், அந்த இடத்தில் மண் போய் உட்காரும். பாலாற்று மணல் ஒரு முறை அந்த உறைக்குள் புகுந்தால் அந்த ஜாயின்ட் பிழைக்காது. 50 மி.மீ.க்கு மேல் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் முன் டிஃபரன்ஷியலையும் 20–25 மி.மீ. கீழே இறக்க வேண்டியிருக்கும். ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூர், புதூர்நாடு பக்கம் போய்வர அவ்வளவு உயரம் அவசியமே இல்லை. நல்ல டயரும் ஒழுங்கான ஷாக்கும் போதும்.

வாங்க வேண்டியவை

ஷாக்கின் தலையில் வைக்கும் ஸ்பேசர் மலிவு. ஷாக் லோயர் ஆர்மின் நடுப்பகுதியில் நிற்பதால், 25 மி.மீ. ஸ்பேசர் சக்கரத்தில் சுமார் 45–50 மி.மீ. உயரமாகத் தெரியும். இது தெரியாமல் இரண்டு அங்குலம் வேண்டும் என்று 50 மி.மீ. ஸ்பேசர் போட்டவர்களின் வண்டி நான்கு அங்குலம் ஏறி, பால் ஜாயின்ட் முட்டி நிற்கும். ஸ்பேசரில் இன்னொரு குறை: ஷாக் முழுவதும் கீழே தள்ளப்படுவதால், பெரிய குழியில் ஆர்மைத் தடுத்து நிறுத்தும் ரப்பர் கட்டையான பம்ப் ஸ்டாப் தொடும் முன்பே ஷாக் உள்ளுக்குள் முட்டக்கூடும். ஆறு மாதத்தில் ஆயில் கசியும் ஷாக்குகளில் பல இப்படிச் செத்தவைதான். முடிந்தால் ஸ்பேசரைத் தவிர்த்து, அந்த உயரத்துக்கென்றே செய்த ஸ்பிரிங்–ஷாக் ஜோடி வாங்குங்கள்.

ஸ்பிரிங்கை உயரம் பார்த்து மட்டும் எடுக்காதீர்கள், எடையும் பார்க்க வேண்டும். முன்னால் கூடுதலாக எத்தனை கிலோ ஏறுகிறது என்பதற்கு ஏற்பத்தான் விற்பார்கள். எஃகு பம்பர், வின்ச் எதுவும் இல்லையென்றால் கூடுதல் எடை பூஜ்யம் என்ற வகையே உங்களுடையது. 2017 டிசம்பரிலேயே மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் புல் பார்களுக்கு எதிராக மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. ஆகவே அதற்கென்று கெட்டி ஸ்பிரிங் வாங்குவதில் பொருளில்லை. வெறும் முன்பக்கத்துக்குக் கெட்டி ஸ்பிரிங் போட்டால் நினைத்ததைவிட உயரம் ஏறும், ஸ்பீடு பிரேக்கரில் மாட்டு வண்டி போலக் குதிக்கும்.

அப்பர் ஆர்ம்தான் இந்த வேலையின் உயிர். 40 மி.மீ.க்கு மேல் தூக்கினால், லிஃப்டுக்கென்று செய்த அப்பர் ஆர்ம் ஒரு ஜோடி போடுவது நல்லது. அதில் பால் ஜாயின்ட் சில மி.மீ. பின்னால் தள்ளி வைக்கப்பட்டிருக்கும். இழந்த காஸ்டர் இரண்டு மூன்று டிகிரி அங்கேயே திரும்பக் கிடைக்கும். பால் ஜாயின்ட்டின் கோணமும் லிஃப்டுக்கு ஏற்ப மாற்றியிருப்பார்கள். ஒரிஜினல் ஆர்மில் சக்கரம் முழுவதும் தொங்கும்போது பால் ஜாயின்ட் கடைசி எல்லையில் முட்டும், சில வண்டிகளில் ஆர்ம் ஸ்பிரிங்கிலேயே இடிக்கும். கவர் இல்லாத யூனிபால் ரகம் பந்தய வண்டிக்குச் சரி. குவாரி லாரிகள் கிளப்பும் கல்தூசியில் அது சீக்கிரம் கிறீச்சிடும். ரப்பர் கவரும் கிரீஸ் நிப்பிளும் உள்ள பால் ஜாயின்ட்டே இங்கே தாக்குப்பிடிக்கும்.

ஆர்ம் சேசிஸோடு சேரும் இடத்திலுள்ள புஷ் ரப்பரா, பாலியூரித்தேனா? அன்றாடம் ஓடும் வண்டிக்கு ரப்பர். பாலியூரித்தேன் உறுதியானது, ஆனால் கிரீஸ் காய்ந்ததும் சத்தம் போடும்.

இவற்றோடு சேர்த்து வாங்க வேண்டிய சிறு சாமான்கள்:

– டை ராட் எண்டு 2, ஸ்டெபிலைசர் லிங்க் ராட் 2 (ஆட்டம் இருந்தால்)
– ஷாக் மேல் மவுண்ட் ரப்பர் 2 (80,000 கி.மீ. தாண்டிய வண்டியில் யோசிக்காமல் மாற்றுங்கள்)
– புது ஸ்பிலிட் பின்கள், ஒருமுறை மட்டுமே பயன்படும் லாக் நட்டுகள்
– லோயர் ஆர்ம் கேம் போல்ட்டு செட் ஒன்று, கையிருப்பாக
– துரு இளக்கும் ஸ்பிரே, ஆன்ட்டி சீஸ் கிரீஸ்

கேம் போல்ட்டைக் கையிருப்பாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அலைன்மென்ட் செய்யத் திருப்ப வேண்டிய போல்ட்டு அதுதான்; திருப்பினால் ஆர்மின் அடி உள்ளேயோ வெளியேயோ நகரும். வருடக்கணக்கில் யாரும் தொடாததால் புஷ்ஷின் உள் ஸ்லீவோடு துருவேறி ஒட்டிக்கொண்டிருக்கும். வேலூர் வறண்ட ஊர் என்பதால் இங்கேயே ஓடிய வண்டியில் இந்தத் தொல்லை குறைவு. சென்னைக் கடற்கரைப் பக்கம் ஓடிய வண்டியை வாங்கியிருந்தால், போல்ட்டை அறுத்து எடுக்க வேண்டிய நிலைமைக்குத் தயாராக இருங்கள்.

கழற்றும் முன்

ஆட்டம் பார்ப்பது முதல் வேலை. முன்பக்கத்தைத் தூக்கி, டயரின் மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆடினால் பால் ஜாயின்ட் அல்லது வீல் பேரிங். எது என்று அறிய, ஒருவரை பிரேக் மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் பேரிங், அப்படியே இருந்தால் பால் ஜாயின்ட். இடதும் வலதும் பிடித்து ஆட்டும்போது ஆடினால் டை ராட் எண்டு அல்லது ரேக் எண்டு (ஸ்டியரிங் ரேக்கின் முனை). ஆடுகிற பாகத்தை வைத்துக்கொண்டு செய்த அலைன்மென்ட் கடை வாசலைத் தாண்டும் முன்பே மாறிவிடும். அலைன்மென்ட் நிற்கவில்லை என்று மூன்று கடை மாறுகிறவர்கள் முதலில் இதைப் பார்க்கலாம்.

அடுத்து அளவு. சமதளத்தில் வண்டியை நிறுத்தி, நான்கு சக்கரத்திலும் ஹப்பின் நடுவிலிருந்து நேர் மேலே ஃபெண்டர் விளிம்பு வரை மி.மீ.யில் அளந்து எழுதுங்கள். தரையிலிருந்து அளக்க வேண்டாம், டயர் காற்று மாறினால் கணக்கு தப்பும். உதாரணமாக முன் இடது 495, வலது 488 என்று இருந்து, வேலை முடிந்தபின் 540, 533 என்று வந்தால் லிஃப்ட் 45 மி.மீ. இடது வலது வித்தியாசம் 10 மி.மீ.க்கு மேல் இருந்தால், தாழ்ந்த பக்க ஷாக்கின் தலையில் 5 மி.மீ. தகடு வைத்துச் சரிசெய்யலாம். மேலே சொன்ன இரட்டிப்புக் கணக்கு இங்கேயும் உண்டு.

முடிந்தால் வேலைக்கு முன்பே ஒரு அலைன்மென்ட் தாள் அச்செடுத்து வையுங்கள். இரண்டு நாள் முன்பிருந்தே எல்லா நட்டுக்கும் துரு இளக்கும் ஸ்பிரே காலையும் மாலையும் அடியுங்கள். லோயர் ஆர்ம் கேம் போல்ட்டின் தலைக்கும் பிராக்கெட்டுக்கும் சேர்த்து பெயின்ட்டால் ஒரு கோடு போடுங்கள். நழுவினால் திரும்பி வருவதற்கு அதுதான் அடையாளம்.

கழற்றுவதும் பூட்டுவதும்

தரை சிமெண்ட் தளமாக இருக்கட்டும். மண்ணிலும், மே மாத வெயிலில் இளகிய தாரிலும் ஸ்டாண்டு கால் இறங்கிவிடும். அக்னி நட்சத்திரத்தில் வேலை என்றால் விடியலில் தொடங்குங்கள், பத்து மணிக்கு மேல் ஸ்பேனரையே தொட முடியாது.

1. வண்டி தரையில் நிற்கும்போதே வீல் நட்டை இளக்குங்கள். பின் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை. முன்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டுகளை சேசிஸ் அடியில் வையுங்கள். லோயர் ஆர்ம் அடியில் வைத்தால் அது இறங்காது, வேலையும் நடக்காது. இரண்டு பக்கமும் ஒன்றாகத் தூக்குங்கள். ஒரு பக்கம் மட்டும் தூக்கினால், இரண்டு பக்கத்தையும் இணைக்கும் ஸ்டெபிலைசர் பார் முறுக்கி, லிங்க் ராட் போல்ட்டு வெளியே வர மறுக்கும்.

2. சக்கரத்தைக் கழற்றி, ஏ.பி.எஸ். ஒயர் கிளிப்புகளையும் பிரேக் ஹோஸ் பிராக்கெட்டையும் அப்பர் ஆர்மிலிருந்து விடுவியுங்கள். இதை மறந்துவிட்டு ஆர்மைத் தள்ளினால் ஒயர் உள்ளுக்குள் அறுந்துவிடும். வெளியே ஒன்றும் தெரியாது, டேஷ்போர்டில் ஏ.பி.எஸ். விளக்கு மட்டும் எரியும்.

3. லிங்க் ராடைக் கழற்றுங்கள். டை ராட் எண்டின் ஸ்பிலிட் பின்னை எடுத்து, நட்டை முனையோடு சமமாக விட்டுவிட்டு, நக்கிளின் (ஹப்பைத் தாங்கும் இரும்புப் பாகம்) காது பகுதியை மட்டும் பக்கவாட்டில் சுத்தியலால் அடியுங்கள். மரை மேல் அடிக்கக் கூடாது. டை ராட் எண்டையே மாற்றுவதாக இருந்தால், எத்தனை சுற்றில் வெளியே வந்தது என்று எண்ணி, புதியதை அதே சுற்றுக்கு ஏற்றுங்கள்.

4. லோயர் ஆர்ம் அடியில் ஜாக்கியை வைத்துத் தாங்கிக்கொண்டு, அப்பர் பால் ஜாயின்ட் நட்டை மூன்று நான்கு மரை மிச்சம் விட்டு இளக்கி, அதே முறையில் நக்கிளைத் தட்டி விடுவியுங்கள். நட்டை முழுவதும் கழற்றிவிட்டு அடித்தால் ஸ்பிரிங் விசையில் நக்கிள் ஒரே அடியாக விழும்.

5. நட்டை எடுத்ததும் நக்கிளை ஒரு கயிற்றால் சேசிஸோடு கட்டுங்கள். வெளிப்பக்கம் சாய விட்டால் டிரைவ் ஷாஃப்ட்டின் உள் ஜாயின்ட் கழன்றுகொள்ளும், பிரேக் ஹோஸும் இழுபடும்.

6. ஷாக்கின் தலையைச் சுற்றியுள்ள சிறு நட்டுகளை மட்டும் கழற்றுங்கள். நடுவில் இருக்கும் பெரிய நட்டைத் தொடவே கூடாது, அழுத்தப்பட்ட ஸ்பிரிங்கை அடக்கி வைத்திருப்பது அதுதான். பிறகு அடி போல்ட்டை எடுத்துவிட்டு, ஜாக்கியை மெல்ல இறக்கி, ஷாக்கை வெளியே எடுங்கள்.

7. பழைய ஷாக்கிலிருந்து ஸ்பிரிங்கைப் பிரித்து மாற்றும் வேலையை வீட்டில் செய்ய வேண்டாம். ஒரு முன்சக்கரத்தின் மேல் 500 கிலோ நின்றால், நெம்புகோல் கணக்கில் ஸ்பிரிங்கின் மேல் ஏறக்குறைய இரு மடங்கு நிற்கும். கையால் திருகும் சாதாரணக் கம்ப்ரஸர் வழுக்கினால் பல் போகும், உயிரும் போகலாம். நிலையான கம்ப்ரஸர் உள்ள பட்டறையில் கொடுத்துப் பூட்டி வாங்குங்கள். ஸ்பிரிங் நுனி, அடித்தட்டின் படியில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா, அடிக்கண்ணும் தலை போல்ட்டுகளும் கழற்றிய திசையிலேயே இருக்கின்றனவா என்று அங்கேயே பாருங்கள். இடது, வலது ஸ்பிரிங்குக்குத் தனித்தனிக் குறி இருந்தால் மாற்றிப் போட்டுவிடாதீர்கள்.

8. அப்பர் ஆர்மின் உள் போல்ட்டுக்கு வழிவிட, சில வண்டிகளில் ஃபெண்டர் உள் பிளாஸ்டிக்கையோ பேட்டரி தட்டையோ எடுக்க வேண்டிவரும். வாஷர்கள் எந்த வரிசையில் இருந்தன என்று செல்போனில் படம் எடுத்துவிட்டுக் கழற்றுங்கள். புது ஆர்மை மாட்டி போல்ட்டைக் கையால் மட்டும் முடுக்குங்கள், டார்க் வைக்க, அதாவது குறித்த அளவுக்கு இறுக்க, இன்னும் நேரம் வரவில்லை.

9. ஷாக்கை ஏற்றி, பால் ஜாயின்ட், டை ராட் எண்டு, லிங்க் ராடு எல்லாவற்றையும் பூட்டுங்கள். பால் ஜாயின்ட் நட்டு, டை ராட் நட்டு, ஷாக் தலை நட்டுகளுக்கு இப்போதே முழு டார்க் வைக்கலாம். எத்தனை நியூட்டன் மீட்டர் என்பதை உங்கள் வண்டியின் ஒர்க்‌ஷாப் மேனுவலில் பாருங்கள், புது ஆர்முக்கு அதனோடு வந்த தாளில் பாருங்கள். ஸ்பிலிட் பின் துளை நேருக்கு வராவிட்டால் நட்டை இன்னும் கொஞ்சம் முடுக்கித்தான் சேர்க்க வேண்டும், இளக்கிச் சேர்க்கக் கூடாது.

10. சக்கரம் மாட்டும் முன், ஆர்ம் முழுவதும் தொங்கும் நிலையிலேயே ஸ்டியரிங்கை இந்தக் கடைசி முதல் அந்தக் கடைசி வரை திருப்புங்கள். பிரேக் ஹோஸ் இறுகுகிறதா, ஏ.பி.எஸ். ஒயர் இழுபடுகிறதா, அப்பர் ஆர்ம் ஸ்பிரிங்கில் படுகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

11. சக்கரத்தை மாட்டி, வண்டியை இறக்கி, பத்தடி முன்னும் பின்னும் உருட்டி, பம்பரை நாலைந்து தடவை அழுத்தி விடுங்கள். வண்டி தன் எடையில் நிற்கும் இந்த நிலையில்தான் அப்பர் ஆர்ம் புஷ் போல்ட்டு, ஷாக் அடி போல்ட்டு, இளக்கியிருந்தால் லோயர் ஆர்ம் போல்ட்டு ஆகியவற்றுக்கு முழு டார்க்.

கடைசிப் படியைத் தவறவிடுகிறவர்கள்தான் அதிகம். ரப்பர் புஷ் போல்ட்டோடு சேர்ந்து சுழலாது. உள் ஸ்லீவை முடுக்கிப் பிடித்ததும், அந்த நிலையிலிருந்து ரப்பர் முறுக்கித்தான் ஆர்ம் அசையும். ஆர்ம் தொங்கும்போதே முடுக்கிவிட்டால், வண்டி தரையில் நிற்கும் ஒவ்வொரு நிமிஷமும் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே இருக்கும். சில மாதத்தில் கிழியும், அதுவரை வண்டி உயரத்தையும் தப்பாகக் காட்டும். அடியில் புகுந்து முடுக்க இடமில்லை என்றால், லோயர் ஆர்ம் அடியில் ஜாக்கி வைத்து, ஹப்–ஃபெண்டர் அளவு தரையில் நிற்கும் அளவுக்கு வரும்வரை தூக்கி முடுக்குங்கள்.

கடைக்குப் போகும் வரை ஓட்ட, டோவை மட்டும் டேப்பால் சரிசெய்துகொள்ளலாம். ஸ்டியரிங்கை நேராக்கி, இரண்டு முன் டயரிலும் ஒரே பள்ளத்தில் சாக்பீஸ் குறி, ஹப் உயரத்தில், முன்பக்கம். இரண்டு குறிக்கும் இடையே அளந்துகொண்டு, குறி பின்பக்கம் வரும்வரை வண்டியை உருட்டி மறுபடி அளங்கள். முன்பக்க அளவு பின்பக்கத்தை விட 0 முதல் 2 மி.மீ. குறைவாக இருக்க வேண்டும். டை ராடை இரண்டு பக்கமும் சமமாகத் திருப்புங்கள். 40 கி.மீ. வேகத்துக்குள் கடைக்குப் போய்ச் சேரலாம்.

அலைன்மென்ட் கடையில்

பல கடைகளில் அலைன்மென்ட் என்றால் டோ மட்டும்தான். சின்னக் கார்களில் பெரும்பாலும் அதைத் தவிரத் திருப்ப ஒன்றும் இருக்காது, அந்தப் பழக்கம். ஆகவே வண்டியை ஏற்றும் முன்பே, “அண்ணே, கேம் போல்ட்டைத் திருப்பி காஸ்டர், கேம்பர் செட் பண்ணுவீங்களா?” என்று கேளுங்கள். தயங்கினால் வேறு கடை. வேலூர், ராணிப்பேட்டைப் பக்கம் லாரியும் பெரிய வண்டியும் பார்க்கிற கடைகளில் இதைச் செய்யக்கூடியவர்கள் கிடைப்பார்கள்.

நான்கு டயரிலும் உங்கள் வழக்கமான காற்று. பின் தொட்டியில் எப்போதும் டூல் பாக்ஸ் வைத்து ஓட்டுகிறவர் அதோடு போங்கள். காஸ்டர் அளக்க சக்கரத்தை இருபுறமும் திருப்புவார்கள். அப்போது சக்கரத்தின் அடியிலுள்ள சுழல் தட்டைச் சுழலாமல் பிடித்திருக்கும் ஊசி எடுக்கப்பட்டிருக்கிறதா, பிரேக் பெடல் அழுத்திப் பிடிக்கப்பட்டிருக்கிறதா என்று கவனியுங்கள்.

வரிசை மாறக் கூடாது: முதலில் காஸ்டர், பிறகு கேம்பர், கடைசியில் டோ. கேமைத் திருப்பினால் டோ மாறும். டோவை முன்னால் செய்தால் அந்த உழைப்பு வீண்.

எந்தக் கேமை எங்கே திருப்புவது? லோயர் ஆர்மில் முன் ஒன்று, பின் ஒன்று. முன் கேமை உள்ளே, பின் கேமை வெளியே தள்ளினால் லோயர் பால் ஜாயின்ட் முன்னால் நகரும், காஸ்டர் கூடும். இரண்டையும் உள்ளே தள்ளினால் கேம்பர் பாசிட்டிவ் பக்கம் போகும், இரண்டையும் வெளியே தள்ளினால் நெகட்டிவ் பக்கம். காஸ்டருக்காகப் பால் ஜாயின்ட் முன்னால் போவதில் ஒரு லாபமும் உண்டு. பெரிய டயர் போட்டவர்களுக்குச் சக்கரக்குழியின் பின்சுவரில் உரசுவது குறையும்.

எந்த எண்ணுக்குச் செட் செய்வது? மெஷினில் இருப்பது கம்பெனி உயரத்துக்கான எண். லிஃப்ட் வண்டியில் எல்லாக் கட்டமும் பச்சையாக வேண்டும் என்று துரத்தினால் காஸ்டரைப் பலிகொடுக்க வேண்டிவரும். பொதுவாக நன்றாக ஓடும் எண்கள் இவை: காஸ்டர் பாசிட்டிவ் 3 முதல் 4 டிகிரி, இடது வலது வித்தியாசம் அரை டிகிரிக்குள். கேம்பர் பூஜ்யத்தைச் சுற்றி அரை டிகிரிக்குள். மொத்த டோ உள்நோக்கி 0.10 முதல் 0.15 டிகிரி, அதாவது 265/60 ஆர்18 அளவு டயரில் 1.5 முதல் 2 மி.மீ.

வண்டி காஸ்டர் குறைவான பக்கம் இழுக்கும். நம் சாலைகள் இடது ஓரமாகச் சரிந்திருப்பதால் வண்டி இயல்பாகவே இடதுபக்கம் நகரப் பார்க்கும். இடது காஸ்டரை வலதைவிட 0.2–0.3 டிகிரி கூட வைத்தால் அந்தச் சரிவு ஈடாகும்.

தாளில் ஒரு கண்ணி உண்டு. சில மெஷின் டிகிரியைத் தசமத்தில் அச்சிடும், வேறு சில டிகிரி–நிமிடக் கணக்கில் (60 நிமிடம் ஒரு டிகிரி). 0.30 டிகிரி வேறு, 0 டிகிரி 30 நிமிடம் வேறு. பின்னது அரை டிகிரி. இரண்டு கடைத் தாளை ஒப்பிடும்போது, வண்டி ஒன்றும் ஆகாமலேயே ‘மாறிவிட்டது’ என்று தோன்றுவது இதனால்தான். பின் ஆக்சிலின் திசையைக் காட்டும் த்ரஸ்ட் கோணத்தையும் பாருங்கள். அது பூஜ்யத்திலிருந்து கணிசமாக விலகியிருந்தால், முன்பக்கம் எவ்வளவு சரியாகச் செய்தாலும் ஸ்டியரிங் கோணலாகவே நிற்கும். பின் பட்டை ஸ்பிரிங்கின் சென்டர் போல்ட்டும் யு கிளாம்ப்பும் நகர்ந்திருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும்.

காஸ்டர் 2 டிகிரியைத் தாண்டவே இல்லை, கேம் இரண்டும் கடைசி வரை போய்விட்டன என்றால், ஒரிஜினல் அப்பர் ஆர்மோடு அந்த உயரம் ஒத்துப்போகாது. ஆர்மை மாற்றுங்கள் அல்லது உயரத்தைக் குறையுங்கள், மூன்றாவது வழி கிடையாது.

ஓட்டிப் பார்ப்பது

வேலூர் கிரீன் சர்க்கிளிலிருந்து பள்ளிகொண்டா வரை நெடுஞ்சாலையில் ஒரு ஓட்டம். சாலை காலியாக இருக்கும்போது ஸ்டியரிங் பிடியை லேசாக்கினால் எந்தப் பக்கம் நகர்கிறது என்று தெரியும். பிறகு பொன்னேரி அடிவாரத்திலிருந்து ஏலகிரி. பதினான்கு கொண்டை ஊசி வளைவிலும் ஸ்டியரிங் கிட்டத்தட்ட முழுவதும் திரும்பும். டயர் மட்கார்டிலோ சேசிஸிலோ உரசினால் அங்கே கேட்டுவிடும். வளைவு முடிந்ததும் ஸ்டியரிங் தானாக நேருக்கு வர வேண்டும். வராவிட்டால் காஸ்டர் போதவில்லை, அல்லது புது பால் ஜாயின்ட் இறுக்கமாக இருக்கிறது.

சிறு குழியில் ‘டொக்’ என்றால் முதலில் ஷாக் தலை நட்டு, லிங்க் ராடு. ஆக்சிலேட்டர் மிதிக்கும்போது மட்டும் அதிர்வு என்றால் டிரைவ் ஷாஃப்ட் கோணம், அதாவது உயரம் அதிகம். இரண்டு டயரிலும் உள்ளோரம் தேய்ந்தால் டோ வெளிநோக்கியிருக்கும் அல்லது கேம்பர் நெகட்டிவாக இருக்கும். டயர் மேல் கையை உள்ளே ஒருமுறை, வெளியே ஒருமுறை தடவிப் பாருங்கள். ஒரு திசையில் வழுவழுப்பாகவும் மறு திசையில் ரம்பம் போலவும் இருந்தால் அது டோதான்.

முன்பக்கம் ஏறியதால் ஹெட்லைட்டும் மேலே பார்க்கும். எதிரே வருகிறவரின் கண்ணைக் கூசவைக்கும் முன், பத்து மீட்டர் தள்ளிச் சுவரில் அடித்து, வேலைக்கு முன் இருந்த உயரக் குறிக்கு ஏற்ப இறக்குங்கள். பின்பக்கத்தையும் தூக்கியிருந்தால், பின் பிரேக்கில் லோடு வால்வு உள்ள வண்டிகளில் அதன் கம்பியையும் அதே அளவுக்குச் சரிசெய்ய வேண்டும். இல்லாவிட்டால் வண்டி காலியென்று நினைத்து வால்வு பின் பிரேக்கைக் குறைத்துவிடும். தெரிய வருவது மலை இறங்கும்போதுதான்.

100 கி.மீ.யில் வீல் நட்டும் ஆர்ம் போல்ட்டுகளும் மறுபடி டார்க். 500 கி.மீ. ஆனதும் ஹப்–ஃபெண்டர் அளவை மறுபடி எடுங்கள். புது ஸ்பிரிங் 5–10 மி.மீ. உட்கார்ந்திருக்கும். அந்த உயரத்தில்தான் இறுதி அலைன்மென்ட் செய்து தாளை வாங்கி வைக்க வேண்டும். முதல் நாள் செய்தது கடைக்கும் வீட்டுக்கும் ஓட்டத்தான். அதன்பிறகு 5,000 கி.மீ.க்கு ஒருமுறை பால் ஜாயின்ட்டுக்கு கிரீஸ், பூட்டில் வெடிப்பு உண்டா என்று ஒரு பார்வை. ஆற்றிலோ ஏரியிலோ இறக்கிய நாளில் மட்டும் கணக்கு பார்க்காமல் மறுநாளே அடியில் படுத்துப் பாருங்கள்.